ரெட் ஆக்சைடா, ஆத்தங்குடியா, சுட்ட மண் ஓடா, கடப்பா கல்லா? கைவினைத் தரை தேடுவோருக்கு ஓர் ஒப்பீடு

புதுக்கோட்டைக்கு அருகில் 1,100 சதுர அடியில் வீடு கட்டிக்கொண்டிருக்கும் வாசகத் தம்பதியர், சுவர்ப் பூச்சு முடிந்த நிலையில் இரண்டு மாதமாக வேலையை நிறுத்திவைத்திருப்பதாக எழுதியிருந்தார்கள். பணத் தட்டுப்பாடு காரணமல்ல. என்ன தரை போடுவது என்று முடிவாகவில்லை. கடையில் கிடைக்கும் பளபளப்பான விட்ரிஃபைடு என்ற தொழிற்சாலை ஓடு வேண்டாம், மனிதக் கை பட்ட தரை வேண்டும் என்பதில் இருவரும் ஒன்றுபட்டிருக்கிறார்கள். அதற்கு மேல் மனைவி ஆத்தங்குடிப் பூக்கல் என்கிறார், கணவர் தம் பாட்டி வீட்டுச் சிவப்புத் தரை, அதாவது ரெட் ஆக்சைடு, என்கிறார், பொறியாளர் கோட்டா கல் என்கிறார், மேஸ்திரியோ இவை எல்லாமே வீண் வேலை என்கிறார். இதே திண்டாட்டத்தை வேறு சிலரும் எழுதியிருப்பதால் நான்கு தரைகளையும் ஒரே அளவுகோல்களால் இங்கே அளந்து பார்க்கிறேன்.

இந்த விருப்பத்துக்கு ஒரு பழைய வரலாறு உண்டு. தொழிற்சாலைப் பொருள்கள் இங்கிலாந்தின் வீடுகளை நிறைத்த 19ஆம் நூற்றாண்டில், கலை விமர்சகர் ஜான் ரஸ்கினும் வடிவமைப்பாளர் வில்லியம் மாரிஸும் எழுப்பிய கேள்வி, பொருள் அழகாக இருக்கிறதா என்பதோடு நிற்கவில்லை. அதைச் செய்தவன் எந்த நிலையில் செய்தான் என்பதையும் கேட்டார்கள். அந்தக் கேள்வியிலிருந்து வளர்ந்ததே கலை, கைவினை இயக்கம் (Arts and Crafts). மாரிஸுக்காக 1859இல் கட்டிடக் கலைஞர் பிலிப் வெப் வடிவமைத்த சிவப்பு வீட்டின் முகப்புக் கூடத்தில் கிடப்பவை எளிய சிவப்பு ஓடுகள்தாம். கொழும்பில் பிறந்த தமிழ் மரபினரான கலை வரலாற்றாளர் ஆனந்த குமாரசுவாமி, 1907இல் இங்கிலாந்து திரும்பியபோது, அந்த இயக்கத்தின் முக்கியக் கைவினைக் கட்டிடக் கலைஞர் ஆஷ்பி புதுப்பித்துக் கொடுத்த பழைய கல்வீட்டில்தான் குடியிருந்தார்; இலங்கைக் கைவினைஞர்களைப் பற்றிய தம் பெரிய நூலை, மாரிஸ் பயன்படுத்திய அதே அச்சுப்பொறியில் அச்சிட்டார். ஆனால் கையால் செய்த பொருள் விலை ஏறி, கடைசியில் செல்வந்தர் வீட்டுக்கே போய்ச் சேருகிறது என்ற மனக்குறை மாரிஸுக்கே இருந்தது. இன்று கைவினைத் தரை தேடும் நடுத்தரக் குடும்பமும் இதே முட்டுச்சந்தில்தான் வந்து நிற்கிறது. பொருளின் விலையை மட்டும் பார்த்து வருபவர்கள், கையின் விலையை வேலை பாதியில் இருக்கும்போதுதான் தெரிந்துகொள்கிறார்கள்.

## அளவுகோல்கள்

முதல் அளவுகோல் கை. அந்தத் தரையைச் செய்யத் தெரிந்த கொத்தனார் உங்கள் ஊரிலிருந்து வந்து போகும் தூரத்தில் இருக்கிறாரா என்பதை மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்க வேண்டும் என்பது என் கருத்து. இரண்டாவது காலம்: செய்ய எத்தனை நாள், தண்ணீர் கட்டி ஆறவிட எத்தனை நாள், அதுவரை வேறு வேலை எதுவும் நடக்காமல் நின்றால் வாடகை வீட்டில் இன்னும் எத்தனை மாதம். மூன்றாவது கறையும் ஈரமும். மஞ்சளும் எண்ணெயும் புளியும் புழங்கும் சமையலறையை மனத்தில் வைத்து இதைப் பார்க்க வேண்டும். நான்காவது, வெறுங்காலோடு நடப்பவருக்கும் தரையில் அமர்ந்து உண்பவருக்கும் அது எப்படி இருக்கும் என்பது. ஐந்தாவது, பத்து ஆண்டு கழித்து ஓரிடத்தில் உடைந்தால் அந்த இடத்தை மட்டும் சரிசெய்ய முடியுமா என்பது. மறைசெலவுகளை இந்த ஐந்தினூடாகவும் சொல்லிச் செல்கிறேன். சதுர அடிக்கு இத்தனை ரூபாய் என்று எழுதப்போவதில்லை. கூலியும் லாரி வாடகையும் ஊருக்கு ஊர் மாறுவதால், செலவு எங்கே ஏறும் என்று தெரிந்துகொள்வதே உங்களுக்குப் பயன்படும்.

குளிர்ச்சி என்பதைத் தனி அளவுகோலாக நான் சேர்க்காததைக் கவனித்திருப்பீர்கள். சிவப்புத் தரை குளிர்ச்சி, விட்ரிஃபைடு சூடு என்று எல்லோரும் சொல்கிறார்கள். பாட்டி வீட்டுத் தரை குளிர்ந்தது அது மண்ணின் மேல் நேராகக் கிடந்ததாலும், மேலே ஓட்டுக் கூரையும் சுற்றிலும் தாழ்வாரமும் வெயிலை மறைத்ததாலும்தான். அதே தரையை மேற்குப் பார்த்த முதல் மாடியில் போட்டால் ஏப்ரல் மாதத்தில் வித்தியாசம் தெரிந்துவிடும்.

## ரெட் ஆக்சைடு தரை

நான்கிலும் பொருள் செலவு மிகக் குறைவானது இதுதான். சிமெண்ட், மணல், இரும்பு ஆக்சைடு என்ற சிவப்புப் பொடி ஆகியவை எந்த ஊர் வன்பொருள் கடையிலும் கிடைக்கும். அதே நேரம், நான்கிலும் கை வேலையை மிக அதிகமாகக் கேட்பதும் இதுதான். அடித்தளக் காங்கிரீட்டின் மேல் ஏறத்தாழ ஒன்றரை அங்குலம் கலவை போட்டு மட்டம் பார்த்து, அது முழுதாக இறுகுவதற்கு முன் ஆக்சைடு கலந்த சிமெண்டை மெல்லிய பூச்சாக இழுத்து, பிறகு கரணையால் மணிக்கணக்கில் தேய்க்க வேண்டும். எப்போது தேய்க்கத் தொடங்குவது, எப்போது நிறுத்துவது என்பது கொத்தனாரின் விரல் நுனிக்கு மட்டுமே தெரிந்த கணக்கு. முந்தினால் சிமெண்ட் பால் மேலே மிதந்து வந்து, பின்னாளில் பொடிப்பொடியாக உதிரும். பிந்தினால் கரணைத் தழும்பு நிரந்தரமாகத் தங்கிவிடும். என் வீட்டு முன் வராந்தாவில் ஒரு மூலை இன்றும் சொரசொரப்பாக இருக்கிறது. அன்று தேநீர் நேரம் அரை மணி நீண்டுவிட்டது, அவ்வளவுதான். அந்தக் கொத்தனாரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, தேநீர் வாங்கிவரச் சொன்னதே நான்தான்.

ஓர் அறையை ஒரே நாளில் முடித்தாக வேண்டும்; பாதியை இன்றும் மீதியை நாளையும் போட்டால் நடுவில் கோடு தெரியும். நிறம் மாறாதிருக்க, முழு வீட்டுக்கும் தேவையான சிமெண்டையும் பொடியையும் உலர்ந்த நிலையிலேயே ஒன்றாகக் கலந்து சலித்து மூட்டை கட்டி வைத்துக்கொள்வது நல்லது. சாம்பல் நிறச் சிமெண்டில் சிவப்பும் கறுப்பும் மட்டுமே நன்றாக வரும். மஞ்சளோ பச்சையோ வேண்டுமானால் வெள்ளைச் சிமெண்டுக்குப் போக வேண்டும், அங்கே பொருள் செலவு குறைவு என்ற கணக்கு உடைந்துவிடும். நிறம் அடர்த்தியாக வர வேண்டும் என்று பொடியை அள்ளிப் போடச் சொல்லாதீர்கள். சிமெண்டின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் பூச்சு வலுவிழக்கத் தொடங்கும், மிஞ்சிய பொடி ஆண்டுக்கணக்கில் பாதத்திலும் வேட்டியிலும் ஒட்டும். நான் எல்லோருக்கும் சொல்வது ஒன்று: வேலையைக் கொடுப்பதற்கு முன், அதே கொத்தனார் அதே பொடியில் இரண்டடிக்கு இரண்டடி மாதிரி ஒன்றை வெளியே போடட்டும். ஒரு வாரம் தண்ணீர் ஊற்றிக் காய்ந்தபின் ஈர வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள்.

விரிசலைப் பற்றிப் பேசாமல் இந்தத் தரையைப் பரிந்துரைப்பவரை நம்ப வேண்டாம். சிமெண்ட் காயும்போது சுருங்கும். பெரிய அறையை ஒரே பரப்பாகப் போட்டால் அது தனக்குப் பிடித்த இடத்தில் விரிசலை உண்டாக்கிக்கொள்ளும். ஆறு அடிக்கு மேல் போகாத கட்டங்களாகப் பிரித்து நடுவில் கண்ணாடிப் பட்டையோ பித்தளைப் பட்டையோ பதித்தால் விரிசல் பெரும்பாலும் அந்தக் கோட்டோடு அடங்கும். பழைய வீடுகளில் காணும் கறுப்புக் கரையும் கட்டக் கோடுகளும் அழகுக்காக மட்டும் வந்தவை அல்ல. அப்படியும் மயிரிழை போன்ற நுண்கீறல்கள் வரும், அதை ஏற்றுக்கொள்ள முடியாதவர் வேறு தரை பார்ப்பது மேல்.

மறைசெலவு மூன்று இடங்களில் இருக்கிறது. தரை போட்ட மறுநாளிலிருந்து குறைந்தது ஏழு நாள், முடிந்தால் பத்து நாள், பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்த வேண்டும். அந்த நாள்களில் வேறு எந்த வேலையாளும் வீட்டுக்குள் நுழைய முடியாது. அதன் பிறகு வரும் பெயிண்டரும் தச்சரும் தரையைக் கெடுக்காதிருக்கச் சாக்கும் பிளாஸ்டிக் விரிப்பும் போட்டுக் காக்க வேண்டும், இரும்பு ஏணியை இழுத்தால் கீறல் விழும், ஈரத்தில் வைத்த இரும்புச் சாமான் துருக்கறையை விட்டுச் செல்லும். மூன்றாவதும் பெரியதுமான செலவு பழுது: தரைக்கடியில் ஓடும் குழாய் கசிந்து ஓரிடத்தை உடைத்தால் அங்கே போடும் ஒட்டு ஒருநாளும் நிறம் சேராது. ஆகவே தண்ணீர்க் குழாய்களைச் சுவரோடு கொண்டுபோகத் திட்டமிட்டிருக்கும் வீட்டுக்கே இது பொருந்தும். பராமரிப்பு எளிது, வெறும் தண்ணீரில் துடைத்து, முதல் ஆண்டில் சில முறை தேங்காய் எண்ணெய் துளி விட்டுத் துணியால் தேய்த்தால் பிறகு புழக்கமே மெருகேற்றும்.

நல்ல கொத்தனார் கிடைத்து, தரைத்தள வீடாக இருந்து, அவசரம் இல்லாதவருக்கு இதைவிட மலிவான, இதைவிடக் கண்ணுக்கு அமைதியான தரை கிடையாது. கொத்தனார் கிடைக்காவிட்டால் இதைவிட வருத்தம் தருவதும் கிடையாது.

## ஆத்தங்குடி டைல்ஸ்

காரைக்குடிக்கு அருகிலுள்ள ஆத்தங்குடியில் கையால் செய்யப்படும் இந்தப் பூக்கல்லின் நுட்பம் எளிமையானது. சட்டத்துக்குள் ஒரு கண்ணாடித் தகட்டை வைத்து, அதன்மேல் பூ வடிவம் வெட்டிய உலோக அச்சை நிறுத்தி, அச்சின் ஒவ்வொரு சிறு அறையிலும் வண்ணச் சிமெண்ட் கூழைச் சிறு கரண்டியால் ஊற்றுவார்கள். அச்சைத் தூக்கிவிட்டு, உலர்ந்த சிமெண்ட் மணல் தூவி, அதன்மேல் ஈரக் கலவை போட்டு அழுத்தி வழிப்பார்கள். தண்ணீர்த் தொட்டியில் ஊறிக் காய்ந்தபின் கண்ணாடியிலிருந்து பிரியும் முகம், கண்ணாடியின் வழவழப்பை வாங்கிக்கொண்டு வரும். சூளை இல்லை, மெருகேற்றும் எந்திரமும் இல்லை. செட்டிநாட்டு வீடுகளில் ஒரு வளவில் (முற்றத்தைச் சுற்றிய கட்டில்) இங்கிலாந்திலிருந்தும் ஜப்பானிலிருந்தும் கப்பலில் வந்த ஓடுகளும், அடுத்த வளவில் பக்கத்து ஊரில் செய்த இந்தக் கற்களும் கிடப்பதைப் பார்க்கலாம். மாரிஸின் நாட்டுத் தொழிற்சாலைச் சரக்கு நம் ஊருக்கு ஆடம்பரமாக வந்து இறங்கிய விந்தையை அங்கே நின்று யோசித்திருக்கிறேன்.

கைத்திறனில் பெரும்பகுதி பட்டறையிலேயே முடிந்துவிடுவதால் உங்கள் வீட்டில் வேண்டியது ஓடு பதிக்கும் கை மட்டும். ரெட் ஆக்சைடோடு ஒப்பிட்டால் இதுவே இதன் பெரிய அனுகூலம். இருந்தாலும் விட்ரிஃபைடு பதித்துப் பழகியவரிடம் கொடுத்துவிட முடியாது. கல்லுக்குக் கல் கனம் சற்றே மாறும் என்பதால் பசை தடவி ஒட்டும் முறை சரிவராது; கனமான கலவைப் படுக்கையில், கல்லோடு கல் நெருக்கி, மரக்கட்டையாலோ ரப்பர் சுத்தியலாலோ தட்டி மட்டம் சேர்க்க வேண்டும். இணைப்பில் ஊற்றும் சிமெண்ட் பாலை உடனுக்குடன் துடைக்காவிட்டால் அது முகத்தில் கறையாகிவிடும், பின்னர் ஆசிட் ஊற்றி எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் அவரை வீட்டுக்குள் விடாதீர்கள். பெயிண்ட் வேலை முடிந்து கடைசியாகத்தான் பதிக்க வேண்டும்.

இப்போது எவரும் முன்கூட்டிச் சொல்லாத செலவுகளுக்கு வருகிறேன். பத்து அங்குலச் சதுரக் கல் முக்கால் அங்குலக் கனத்தில் ஏறத்தாழ இரண்டரைக் கிலோவுக்கு மேல் இருக்கும். ஆயிரம் சதுர அடிக்குக் கல் மட்டுமே நான்கு டன் அளவுக்கு வரும், கலவைப் படுக்கை அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல். மாடியில் போடுவதானால் கட்டமைப்புப் பொறியாளரிடம் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். அடுத்தது உயரம்: கல்லும் படுக்கையும் சேர்ந்து தரையை இரண்டரை முதல் மூன்று அங்குலம் தூக்கிவிடும். நிலைக்கதவு வைத்தபின் இந்த முடிவை எடுத்தால் கதவின் அடியைச் சீவ வேண்டும். படிக்கட்டின் முதல் படி மட்டும் உயரம் குறைந்து, இறங்குபவர் காலைத் தடுக்கும். புதுக்கோட்டைத் தம்பதியருக்கு நான் எழுதிய முதல் கேள்வியே உங்கள் நிலைப்படி எந்த மட்டத்தில் நிற்கிறது என்பதுதான்.

மூன்றாவது, அறையின் அளவு. பத்தடி அகலத்துக்குப் பன்னிரண்டு கல் சரியாக அமையும். பத்தடி நான்கு அங்குலம் என்றால் ஒரு வரிசைப் பூவை வெட்ட வேண்டும், வெட்டிய பூ கண்ணை உறுத்தும். கரைக்கல்லுக்கும் சுவருக்கும் இடையே ஒற்றை நிறக் கல்லை விட்டு அந்த நான்கு அங்குலத்தை அங்கே மறைப்பதுதான் பழையவர்கள் செய்த வழி. நான்காவது, உடைசல். பத்தில் ஒரு பங்கு கூடுதலாக வாங்குங்கள், மிஞ்சியதை விற்காமல் பரணில் வையுங்கள். பத்து ஆண்டு கழித்து அதே பட்டறையில் அதே பூவைச் செய்து வாங்கினாலும் நிறம் இம்மி மாறும்.

கறையில் இது பலவீனமானது. சிமெண்ட் முகம் எண்ணெயையும் மஞ்சளையும் குடிக்கும், எலுமிச்சையும் புளியும் பட்ட இடம் மெருகிழந்து மங்கும், கழிப்பறை கழுவும் திரவம் ஒருமுறை பட்டால் அந்தக் கல்லைத் திரும்பப் பெற முடியாது. சமையலறைக்கும் குளியலறைக்கும் வேண்டவே வேண்டாம் என்பது என் உறுதியான எண்ணம். சில வீடுகளில் முதல் ஓரிரு ஆண்டு வெள்ளையாக உப்புப் பூக்கும்; துடைத்துக்கொண்டே வந்தால் பெரும்பாலும் அடங்கும், அடியிலிருந்து ஈரம் ஏறும் மனையில் அடங்காது.

இன்னொரு எச்சரிக்கை. ஆத்தங்குடிப் பூவை அச்சிட்ட தொழிற்சாலை ஓடுகள் அதே பெயரில் கடைகளில் விற்கின்றன. ஒன்றைக் கையில் எடுத்துப் பக்கவாட்டு விளிம்பைப் பாருங்கள்: உண்மையான கல்லில் வண்ணம் சில மில்லிமீட்டர் ஆழத்துக்கு இறங்கியிருக்கும், அடிப்பக்கம் சொரசொரப்பான சிமெண்டாக இருக்கும்.

## சுட்ட மண் ஓடு

களிமண்ணை அறுத்து அல்லது அழுத்தி, உலர்த்தி, சூளையில் சுட்ட சிவப்பு ஓடு. இதில் கையால் செய்தது எது, எந்திரம் செய்தது எது என்ற கோடு மங்கலானது. பாசல் மிஷன் என்ற சுவிட்சர்லாந்துக் கிறித்தவ அமைப்பு மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியதே 1865இல்தான், நாம் மரபு என்று நினைக்கும் பல ஓடுகள் தொழிற்சாலையில் பிறந்தவை. எனக்கு அதில் குறையொன்றும் தெரியவில்லை. மண்ணின் நிறம் ஓட்டுக்கு ஓடு மாறுவதும், குளிர்காலக் காலையில் காலுக்குக் கல்லைப் போலச் சில்லிடாமல் இருப்பதும் இதன் இயல்பு.

தரமே இங்கே பெரிய சிக்கல். நன்றாக வெந்த ஓடு தட்டினால் கணீரென்று ஒலிக்கும், வேகாதது மொத்தென்று கேட்கும். கடையில் நான்கு ஓடு வாங்கி வந்து எடை போட்டு, ஒருநாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, துடைத்து மறுபடி எடை போடுங்கள். எடை எட்டில் ஒரு பங்குக்கு மேல் கூடினால் அதை நான் வீட்டுக்குள் போடமாட்டேன். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கணக்கு: விட்ரிஃபைடு தன் எடையில் நூற்றுக்கு அரைப் பங்கு நீரைக்கூடக் குடிப்பதில்லை. குடிக்கும் ஓட்டுக்கு மேற்பூச்சு வேண்டும், அந்தப் பூச்சு தேயும், சில ஆண்டுக்கு ஒருமுறை மறுபடி அடிக்க வேண்டும். வாங்கும்போது மலிவாகத் தெரியும் இந்த ஓட்டின் மறைசெலவு அதுதான். விளிம்பு எளிதில் உதிரும், நாற்காலிக் கால் இழுபட்ட இடம் தேயும், மழைக்காலத்தில் நிழலான முற்றத்தில் பாசி பிடித்து வழுக்கும்.

ஆனால் ஓர் ஓடு உடைந்தால் அதை மட்டும் பெயர்த்து வேறொன்றைப் பதிக்கலாம். ஏற்கெனவே நிறங்கள் கலந்து கிடப்பதால் புதியது துருத்திக்கொண்டு நிற்காது. திண்ணை, வெயில் படும் தாழ்வாரம், மொட்டை மாடி, தோட்டத்தைப் பார்த்த பின்கட்டு ஆகியவற்றுக்கு நான்கிலும் நான் முதலில் தேர்வு செய்வது இதை.

## கடப்பா, கோட்டா கற்கள்

ஆந்திரத்தின் கடப்பாவிலிருந்து வரும் கறுப்புக் கல்லும் ராஜஸ்தானின் கோட்டாவிலிருந்து வரும் பச்சை சாம்பல் கல்லும் சுண்ணாம்புக்கல் வகையே. அடுக்கடுக்காகப் படிந்த பாறை என்பதால் உளியால் பலகை பலகையாகப் பிளக்க வரும். பதிக்கத் தெரிந்தவர் எல்லா ஊரிலும் உண்டு, நாள் குறைவு, மேசையை இழுத்தாலும் கவலையில்லை. அவசரத்தில் இருப்பவருக்கும் குழந்தைகள் நிறைந்த வீட்டுக்கும் இதுவே நிம்மதி.

மறைசெலவு மெருகேற்றுவதில் வரும். கோட்டா கல்லைப் பதித்தபின் எந்திரம் வைத்துத் தண்ணீர் விட்டு அரைக்க வேண்டும். அந்தச் சேற்றுக் குழம்பு சுவரில் முழங்கால் உயரம் தெறிக்கும் என்பதால் கடைசிப் பெயிண்ட் அதற்குப் பின்னரே. புளியும் எலுமிச்சையும் இதையும் வெளுக்கச் செய்யும். பழைய சமையல் மேடைக் கடப்பா கல்லைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். கறுப்புக் கல்லைத் திறந்த முற்றத்தில் போட்டால் நண்பகலில் கால் வைக்க முடியாது. தோட்டப் பாதைக்கு மட்டும் ஒரு தனிச் சிறப்பு உண்டு: சிமெண்ட் இல்லாமல் மணலில் கிடத்தி, இடையில் புல் வளரவிட்டால், வேண்டாதபோது பெயர்த்தெடுத்து வேறு இடத்தில் மறுபடி போடலாம். நான்கு தரைகளில் முழுதாகப் பெயர்த்து மறுபடி பயன்படுத்தக்கூடியது இது ஒன்றே.

## பக்கம் பக்கமாக

| அளவுகோல் | ரெட் ஆக்சைடு | ஆத்தங்குடி | சுட்ட மண் ஓடு | கடப்பா, கோட்டா |
|---|---|---|---|---|
| தேவைப்படும் கை | தேர்ந்த கொத்தனார், கிடைப்பது அரிது | கனமான படுக்கையில் பதிக்கத் தெரிந்தவர் | பொதுவான கொத்தனார் போதும் | எங்கும் கிடைப்பார் |
| செலவு ஏறும் இடம் | கூலி, காத்திருப்பு | கல் விலை, லாரி, உடைசல் | மேற்பூச்சைப் புதுப்பித்தல் | தூரம், மெருகேற்றல் |
| வேலை நிற்கும் காலம் | மிக அதிகம் | கல் வந்து சேரும் வரை | குறைவு | குறைவு |
| சமையலறை | பொறுத்துக்கொள்ளும் | வேண்டாம் | வேண்டாம் | நல்லது, புளி மட்டும் எதிரி |
| மாடி | விரிசல் கூடும் | எடையைக் கணக்கிட வேண்டும் | பொருந்தும் | எடையைப் பார்க்க வேண்டும் |
| ஓரிடப் பழுது | ஒட்டு தெரியும் | கையிருப்பு இருந்தால் எளிது | மிக எளிது | எளிது |
| முதியோர் வழுக்கும் அச்சம் | ஈரத்தில் உண்டு | ஈரத்தில் உண்டு | பாசி இல்லாதவரை குறைவு | மெருகேற்றாவிட்டால் குறைவு |

## யாருக்கு எது

விட்ரிஃபைடை ஒரேயடியாக ஒதுக்குவதும் எனக்கு உடன்பாடில்லை. சக்கர நாற்காலியில் இருப்பவர் உள்ள வீடு, வாடகைக்கு விடப்போகும் வீடு, வெளியூரில் இருந்துகொண்டு தொலைபேசியில் கட்டும் வீடு ஆகிய மூன்றுக்கும் அதுவே நேர்மையான தேர்வு. கையால் செய்யும் தரை, வீட்டுக்காரர் அருகில் நின்று பார்க்காவிட்டால் கெடும்.

அருகில் இருந்து கட்டுபவர்கள் கையிலிருந்து தொடங்க வேண்டும். உங்கள் பகுதியில் ரெட் ஆக்சைடு போட்ட கொத்தனார் ஒருவரைக் கேட்டு விசாரித்து, அவர் பத்து ஆண்டுக்கு முன் போட்ட தரை ஒன்றுக்குப் போய், செருப்பைக் கழற்றி நடந்து, சுவரோரமும் கதவோரமும் குனிந்து பாருங்கள். அது பிடித்திருந்து அவரும் வர ஒப்புக்கொண்டால் கூடத்துக்கும் படுக்கையறைக்கும் ரெட் ஆக்சைடு. கேட்கும் கூலியைப் பேரம் பேசிக் குறைக்காதீர்கள், இங்கே நீங்கள் வாங்கும் சரக்கு அவருடைய கவனம் ஒன்றுதான். அப்படி ஒருவர் கிடைக்கவில்லையென்றால், யூடியூபைப் பார்த்துச் செய்துவிடலாம் என்று முன்வரும் இளைஞரிடம் கொடுக்காமல் ஆத்தங்குடிக்குப் போய்விடுங்கள். பட்டறையில் பழகிய கை செய்து அனுப்பும் கல்லை, உள்ளூர்க் கை பொறுமையாகப் பதித்தால் போதும்.

கைச் செலவு கூடுதல் என்று தோன்றினால் பரப்பைக் குறைப்பதே வழி என்பது என் அனுபவம். 1,100 சதுர அடி முழுவதும் பூக்கல் போட வேண்டியதில்லை. கூடத்தின் நடுவில் கம்பளம் விரித்ததுபோல் எட்டடிச் சதுரத்துக்குப் பூவும், சுற்றிலும் ஒற்றை நிறக் கல்லும் போதும். ஆனால் ஒரே வீட்டில் நான்கு வகைத் தரையையும் கலந்துவிடுவோம் என்ற ஆசைக்கு இடம் கொடுக்காதீர்கள். ஒவ்வொன்றின் கனமும் வேறு, அறைக்கு அறை மட்டம் மாறும், இருட்டில் தண்ணீர் குடிக்க எழுந்தவர் தடுக்கி விழுவார்.

புதுக்கோட்டை வீட்டுக்கு வருகிறேன். நிலைப்படி ஏற்கெனவே வைத்தாகிவிட்டது, முடிந்த மட்டத்துக்கு இரண்டு அங்குலம்தான் மிச்சம் என்று பதில் வந்தது. ஆகவே உள்ளறைகளில் ஆத்தங்குடிக்குக் கதவுகளைச் சீவ வேண்டியிருக்கும்; ரெட் ஆக்சைடு அந்த இரண்டு அங்குலத்துக்குள் அமரும். கணவரின் பாட்டி வீட்டுத் தரையைப் போட்டவரின் மகன் இன்னும் அதே ஊரில் கொத்து வேலை செய்கிறாராம். எனவே உள்ளே சிவப்பு, சமையலறைக்குக் கடப்பா, பின்கட்டுக்குச் சுட்ட மண் ஓடு என்று எழுதியிருக்கிறேன். மனைவியின் பூக்கல்லுக்கு முன் திண்ணை இருக்கிறது. அதற்குக் கதவு இல்லை, உயரம் கட்டுப்படுத்தாது, மேலே கூரை இருப்பதால் மழையும் நேரடி வெயிலும் படாது. நான் மேலே சொன்னதற்கு மாறாக மூன்று வகைக்கு மேல் கலக்கிறேனே என்று கேட்டால், இவற்றில் ஒவ்வொன்றும் ஒரு வாசற்படியைத் தாண்டியே தொடங்குகிறது என்பதுதான் என் சமாதானம்.

இன்னொன்றையும் அவர்களிடம் கேட்டுக்கொண்டேன். தரை முடிந்த அன்று கொத்தனாரின் பெயர், சிமெண்ட் எத்தனைக்குப் பொடி எத்தனை, எந்தக் கடைப் பொடி, எந்த நாள் போட்டது என்ற நான்கையும் ஒரு தாளில் எழுதி, கலந்து மிஞ்சிய உலர்பொடியில் இரண்டு கிலோவை ஈரம் படாத டப்பாவில் அடைத்து, இரண்டையும் வீட்டுப் பத்திரம் இருக்கும் பெட்டியில் வைக்க வேண்டும். சிமெண்ட் கெட்டுவிடும், நிறம் கெடாது. என்றோ ஒருநாள் ஒட்டுப் போட வரும் கொத்தனாருக்கு எந்தச் சிவப்பு என்று காட்ட அது போதும்.